மூணு பக்கம் தைச்ச போர்வை

"கல்யாணத்துக்குப் போர்வை தர்றேன்னே, தரலை. வளைகாப்புக்குத் தர்றேன்னே, தரலை. இப்போ தொட்டிலுக்குத் தர்றேங்கிறே. உன் போர்வை வர்றதுக்குள்ள என் பிள்ளைக்கு மீசை முளைச்சிரும்!"

இப்படி ஒரு ஊர்ல ஒரு தங்கச்சி, பிள்ளை பெத்த அஞ்சாம் நாள், கட்டில்ல உட்கார்ந்துக்கிட்டு அவளோட அக்காவைத் திட்டிக்கிட்டிருந்தா. எதுக்குத் திட்டுனான்னு உடனே கேக்காதே. சொல்லத்தானே போறேன்? காலை நீட்டிப் படு. மழை விடற வரைக்கும் வெளிய போற பேச்சே கிடையாது. ம் மட்டும் கொட்டு. ம்னா வெறும் ம். நடுவுல கேள்வி வந்துச்சு, கதை அங்கேயே நின்னுரும்.

தங்கச்சி பேரு பூங்கொடி. அக்கா பேரு வஞ்சிக்கொடி. அக்காவுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறதுதான் வேலை. சின்னச் சின்னதா துணியை வெட்டி ஒண்ணோட ஒண்ணு சேர்த்தா மேல்பக்கம். நடுவுல மெத்துனு ரெண்டு அடுக்கு. அடியில ஒரு முழுத்துணி. மூணையும் சேர்த்துக் கையாலயே ஓட்டுத்தையல் போட்டு, நாலு ஓரத்தையும் மடிச்சுத் தைச்சா போர்வை. கேக்கச் சுலபம். ஆனா தைக்கிறவளுக்குக் கழுத்து ஒடிஞ்சிரும்.

வஞ்சிக்கொடிக்கு நல்ல கை. எறும்பு வரிசையா போற மாதிரி இருக்கும் அவ தையல். ஆரம்பிக்கிறதுல அவளை அடிச்சுக்க ஆளே கிடையாது. முடிக்கிறதுதான் வராது. ஏன்னா செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை அந்த ஊர்ல ஜவுளிச் சந்தை. புதுத் துணியைப் பாத்துட்டா போதும், கையில இருக்கிற வேலைமேல இருந்த ஆசை பொசுக்குனு அணைஞ்சிரும். ஊசியை அப்படியே துணியில குத்தி வச்சுட்டு, "இதோ வந்துடறேன்"னு எந்திரிப்பா. அவ்வளவுதான், வர மாட்டா.

எங்க ஸ்கூல்ல தையல் வகுப்பு எடுத்த சிஸ்டர் பன்னெண்டு ஊசி எண்ணிக் குடுத்தா பன்னெண்டு எண்ணி வாங்காம மணி அடிக்க விட மாட்டாங்க. வஞ்சிக்கொடி அந்த சிஸ்டர்கிட்ட படிச்சிருக்கணும். சரி, விடு.

பூங்கொடி கல்யாணத்துக்குன்னு ஆரம்பிச்ச போர்வை இருக்கே, அது மூணு பக்கம் தைச்சு நாலாவது பக்கம் நூல் பிரிஞ்சு தொங்குச்சு. அஞ்சு வருஷமா வஞ்சிக்கொடி புருஷன் சிகாமணி அதை விரிச்சுத்தான் மத்தியானம் படுக்கிறான். வளைகாப்புப் போர்வையில சுத்தி நாப்பது வளையல் வட்டம் வட்டமா வந்தாச்சு, நடுவுல மட்டும் பெரிய ஓட்டை. தலையை உள்ள விட்டுச் சட்டையாத்தான் போட்டுக்கலாம். இன்னொண்ணுல ஒரு யானை. மூணு கால்தான் தைச்சிருந்தா. பாவம், எந்திரிச்சு நிக்க முடியாம பெட்டிக்குள்ளயே படுத்துக் கிடந்துச்சு.

ம்?

சரி. அப்போ பூங்கொடி சொன்னா, "அக்கா, பதினாறாம் நாள் தொட்டில் போடறோம். முடிச்ச போர்வையோட வந்தா உள்ள வா. இல்லாட்டி வாசல்லயே நின்னு பிள்ளையைப் பாத்துட்டுப் போயிடு."

கூடப் பிறந்தவ வாயால இப்படி ஒரு வார்த்தை. வஞ்சிக்கொடிக்கு மூக்கு நுனி சிவந்து போச்சு. "முடிச்சுக் காட்டறேன்டி!"ன்னு கிளம்பினா. கிளம்பினவ நேரா வீட்டுக்குப் போயி பழசை எடுத்து முடிச்சாளா? சந்தைக்குப் போனா!

மூணு துணி வாங்கினா. மாம்பழ மஞ்சள்ல வாயில் துணி ஒண்ணு. கிளிப்பச்சையில வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடி ஒண்ணு. மாதுளைச் சிவப்புல மல் துணி ஒண்ணு. வீட்டுக்கு வந்து பாயில விரிச்சுப் போட்டா. கஞ்சி மொடமொடப்போட மூணும் அப்படியே பளபளன்னு கிடக்குது. சாக்பீஸ்ல கோடு போட்டா. கத்தரியை எடுத்தா. வச்சா. மறுபடி எடுத்தா. "ஐயோ, இதைப் போயி எப்படி வெட்டறது"ன்னு மடிச்சு வச்சுட்டா. ஒரு நாள் போச்சு. ரெண்டாம் நாளும் விரிச்சா, தடவினா, மடிச்சா. மூணாம் நாளும் அதே கூத்து.

சிகாமணி மத்தியானத் தூக்கத்துலருந்து எந்திரிச்சு முதுகைச் சொறிஞ்சுக்கிட்டே வந்தான். "வஞ்சி, முதுகுல ஏதோ சுருக்குனு குத்துது."

"மூட்டைப்பூச்சியா இருக்கும்."

"அஞ்சு வருஷமா ஒரே மூட்டைப்பூச்சியா?"

"ஏங்க, நானே வெட்டவா வேணாமான்னு உயிர் போயிட்டிருக்கேன், உங்க முதுகு இப்போ ரொம்ப முக்கியமா?"

"வெட்டித் தொலை. துணி அழுதா நான் சமாதானப்படுத்தறேன்."

அப்புறம் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு வெட்டினா பாரு. நறுக்! முதல் வெட்டுத்தான் கஷ்டம். அப்புறம் நறுக் நறுக் நறுக்குனு பொழுது சாயறதுக்குள்ள மூணு துணியும் கட்டம் கட்டமா ஆயிருச்சு.

அது ஒரு கண்டம். ரெண்டாவது கண்டம் என்ன தெரியுமா? சாயம். வெட்டினதையெல்லாம் உப்புத் தண்ணியில முக்கினா. மஞ்சள் சும்மா இருந்துச்சு. பச்சை சும்மா இருந்துச்சு. சிவப்பு மட்டும் குபுகுபுன்னு கக்குச்சு. மூணு தண்ணி மாத்தினா. மூணு தண்ணியும் பீட்ரூட் வேக வச்ச மாதிரி. பச்சப்பிள்ளை மூத்திரம் போனா தொட்டில், பிள்ளை, தொட்டிலாட்டறவ எல்லாம் சிவப்பாயிரும். ஆசையா வாங்கின சிவப்பைத் தூக்கித் தரை துடைக்கப் போட்டுட்டு, மஞ்சளும் பச்சையும் மட்டும் வச்சுத் தைக்க உட்கார்ந்தா.

கண்ணை மூடு. மூடிக்கிட்டே ம் கொட்டலாம், ஒண்ணும் ஆகாது.

மூணாவது கண்டம் செவ்வாய்க்கிழமை. ஆமா, மறுபடி சந்தை. காலையிலேயே தெருவுல வண்டிச் சத்தம். "புது லோடு, புது லோடு, தொட்டுப் பாத்துட்டுப் போங்கம்மா"ன்னு கூவுறான் ஒருத்தன். வஞ்சிக்கொடிக்குக் கால் தானா எந்திரிக்குது. ஊசியைத் துணியில குத்தப் போனவ, சட்டுனு புருஷனைக் கூப்பிட்டா. "ஏங்க, என்னை உள்ள வச்சு வெளிய பூட்டிட்டுப் போங்க. நான் கதறினாலும் திறக்காதீங்க."

சிகாமணி பூட்டிட்டு, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு, காய் வாங்கச் சந்தைக்குப் போனான். சாயங்காலம் வந்து திறந்தான். பையில கத்தரிக்காய் அரைக் கிலோ, முருங்கைக்காய் ரெண்டு, கீழ மயில்கழுத்து நீலத்துல ஒரு மீட்டர் துணி.

"என்னங்க இது?"

"அழகா இருந்துச்சு வஞ்சி. உனக்குப் பிடிக்குமேன்னு..."

அவளுக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியலை. இந்த வீட்டுல பூட்ட வேண்டிய ஆள் ரெண்டு பேர்! நீலத்தைப் பெட்டிக்கு அடியில தள்ளிட்டு, மேல யானையை வச்சு மூடிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்தா. சரக் சரக்குனு தைச்சா. விரல் நுனி சல்லடை ஆயிருச்சு. பதினஞ்சாம் நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நாலாவது ஓரத்துல கடைசி முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால கடிச்சா. டக்! வாழ்க்கையில முதல் தடவையா ஒரு போர்வை முடிஞ்சுது. அவளே நம்பாம மூணு தடவை சுத்திச் சுத்திப் பாத்தா.

மறுநாள் காலையில கிளம்பணும். வெளியில தூறல். புதுப் போர்வை நனையக் கூடாதேன்னு சுத்தி எடுத்துட்டுப் போகத் துணி தேடினா. கொடியில துவைச்சுக் காய்ஞ்சது ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, சிகாமணி விரிச்சுப் படுக்கிறது. அதுல வச்சு மூட்டையாக் கட்டி, பஸ் ஏறிப் போயிட்டாங்க ரெண்டு பேரும்.

அங்க வீடு நிறைய ஆளு. பூங்கொடி வாசலுக்கே வந்தா. "முடிச்சாச்சா?"

"பாருடி!"ன்னு மூட்டையை அவிழ்த்தா வஞ்சிக்கொடி. மஞ்சளும் பச்சையும் கட்டம் கட்டமா, நாலு பக்கமும் மடிச்சு, நறுவிசா! வந்தவங்க எல்லாம் "அடேயப்பா"ன்னாங்க. பூங்கொடிக்கு முகம் மலர்ந்து போச்சு. வாயைத் திறந்து நல்லதா ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள, அவ மாமியார் அங்காயி குறுக்க வந்து போர்வையைக் கையில வாங்கி, கன்னத்துல வச்சுப் பாத்துச்சு.

"புதுத் துணியா?"

"ஆமா அத்தை, சந்தையில..."

"பச்சப்பிள்ளையைப் புதுத் துணியில கிடத்தறதா? எந்த ஊர் வழக்கம் இது? பழந்துணிதான் போடணும். இன்னும் மொடமொடப்பு போகாம அப்பளம் மாதிரி இருக்கு. தோல் உரிஞ்சிராது?"

வஞ்சிக்கொடிக்கு இது தெரியாத விஷயமா? ஊர்ல எந்தப் பிள்ளையையும் முதல்ல பழம்புடவையிலதான் சுத்துவாங்க. துணிப் பைத்தியத்துல அது ஞாபகமே வரலை அவளுக்கு. அஞ்சு வருஷமா ஒண்ணையும் முடிக்காதவ முடிச்ச இந்த ஒண்ணும் ஆகாதுன்னு ஆயிருச்சு. பூங்கொடி திரும்பி வாசல்படியைப் பாத்தா. அவ்வளவுதான்.

ம்?... முழிச்சிருக்கியா? நல்லது.

அப்போ அங்காயி கீழ கிடந்த மூட்டைத் துணியை எடுத்துச்சு. கன்னத்துல வச்சுச்சு. "இது எப்படி வெண்ணெய் மாதிரி இருக்கு! இது யாரோடது?"

பூங்கொடி எட்டிப் பாத்தா. "அக்கா! இது என் கல்யாணப் போர்வை! எனக்குத் தர வேண்டியதுல மாமா படுத்துத் தூங்கறாரா?"

"நான் சும்மா படுத்தேன்"னான் சிகாமணி. சும்மா படுக்காம வேற எப்படிப் படுக்கறதுன்னு அவனுக்கே தெரியலை.

"அட, சண்டை அப்புறம். அஞ்சு வருஷம் துவைச்ச துணி, பிள்ளைக்கு இதை விட என்ன வேணும்? நாலா மடிச்சுத் தொட்டில்ல போடுங்க"ன்னு அங்காயி சொல்லிருச்சு. பூங்கொடிக்கும் சிரிப்பு வந்துருச்சு. பிள்ளையைத் தூக்கிட்டாங்க. பாட்டுக்கூட ஆரம்பிச்சுட்டாங்க. வஞ்சிக்கொடிக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு.

அப்போ சிகாமணி அவ காதுகிட்ட மெதுவாச் சொன்னான், "இனி என் முதுகு தப்பிச்சுது."

அவளுக்குப் பக்குன்னுச்சு. மூட்டைப்பூச்சி இல்லை! அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, நாலாவது பக்கத்துல குத்தி வச்சுட்டு "இதோ வந்துடறேன்"னு எந்திரிச்சுப் போன ஊசி!

சொன்னா மானம் போயிரும். இப்பத்தான் தங்கச்சி சிரிச்சிருக்கா. சொல்லாம விட்டா... தொட்டில்ல கிடக்கப் போறது முதுகைச் சொறிஞ்சுக்கத் தெரிஞ்ச சிகாமணி இல்லையே.

"நில்லுங்க!"ன்னு கத்தினா. பாட்டு நின்னுச்சு. "பிள்ளையைப் போடாதீங்க. அதுக்குள்ள ஒரு ஊசி இருக்கு. நான்தான் விட்டுட்டேன்."

பூங்கொடி பிள்ளையை மார்போட அணைச்சுக்கிட்டுப் பாத்தா ஒரு பார்வை. அந்தப் பார்வையை நான் சொல்ல மாட்டேன், உனக்குத் தூக்கம் போயிரும்.

போர்வையை எடுத்து விரிச்சாங்க. அங்காயி உள்ளங்கையால தடவிப் பாத்துச்சு. இல்லை. பூங்கொடி விரல் விரலா அழுத்திப் பாத்தா. இல்லை. வஞ்சிக்கொடி வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, உதறி, முகர்ந்துகூடப் பாத்தா. இல்லை. அடுக்குக்குள்ள எங்க நழுவிப் போச்சோ.

அப்போ சிகாமணி சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு முன்னால வந்தான். "தள்ளுங்க. நான் படுத்துக் காட்டறேன்."

நடுக்கூடத்துல போர்வையை விரிச்சான். நாப்பது பேர் பாக்க, தொப்புனு மல்லாக்கப் படுத்தான். இடது பக்கம் புரண்டான். ஒண்ணும் இல்லை. வலது பக்கம் புரண்டான். ஒண்ணும் இல்லை. அப்புறம் தினம் மத்தியானம் படுக்கற மாதிரியே காலை மடக்கி, ஒருக்களிச்சு, ஒரு கொட்டாவி விட்டுட்டு லேசா நெளிஞ்சான்.

"ஆ! இந்தா இருக்கு!"

வஞ்சிக்கொடி அந்த இடத்துல ரெண்டு தையலைப் பிரிச்சா. வந்துச்சு ஊசி, துருப்பிடிச்சு, கறுத்து, இவ்வளவு நீளம். அங்காயி கையில வாங்கிப் பாத்துட்டு, "மாப்பிள்ளைக்குத் தங்கமான முதுகு"ன்னுச்சு. கூடம் முழுக்கச் சிரிப்பு.

பூங்கொடி சிரிக்கலை. உள்ள போயி ஒரு புது ஊசியும் நூலும் கொண்டு வந்து அக்கா முன்னாடி வச்சா. "நாலாவது பக்கத்தை முடி. இங்கேயே. முடிக்காம எந்திரிச்சா சோறு கிடையாது."

வஞ்சிக்கொடி உட்கார்ந்து, பிரிச்ச இடத்தை மூடி, நாலாவது பக்கத்தை மடிச்சு, எறும்பு எறும்பாத் தைச்சு முடிச்சா. தங்கச்சி உள்ளங்கையை நீட்டினா. அக்கா ஊசியை அதுல வச்சா. அதுக்கப்புறம்தான் பிள்ளையைத் தொட்டில்ல போட்டாங்க. போட்ட உடனே தூங்கிருச்சு அது. உன்னை மாதிரி இல்லை.

அப்புறம் பூங்கொடி அந்தப் புதுப் போர்வையை எடுத்து, "பிள்ளைக்குத்தான் ஆகலை, கல்யாணத்துக்குத் தர வேண்டியதுன்னு நான் வச்சுக்கறேன்"னு படுத்துப் போர்த்திக்கிட்டா. தொட்டில் அளவுக்குத் தைச்சது ஆச்சே! கழுத்துலருந்து முட்டி வரைக்கும்தான் வந்துச்சு. கால் ரெண்டும் வெளிய.

"அக்கா, மீதியை எப்போ தருவே?"

"அதுக்கென்னடி, மயில்கழுத்து நீலம் ஒரு மீட்டர் இருக்கு. அடுத்த மாசம் தந்துடறேன்."

பூங்கொடி பிள்ளை மூஞ்சியில மீசை வருதான்னு குனிஞ்சு பாத்தா.

அவ்வளவுதான். கதைக்கு முடிச்சுப் போட்டு நூலைக் கடிச்சாச்சு, நீ தூங்கு.

ஏய், காலை இப்படித் தள்ளு. போர்வை முழுக்க நீயே சுத்திக்கிட்டா எப்படி? இந்தப் பக்கம் கொஞ்சம் விடு, எனக்கும் குளிருது... விடறியா?