வாகை நெற்றின் சத்தம்

ஆடும் மரமும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வாகை மரம் வருஷம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும். அதன் முற்றிக் காய்ந்த நெற்றுகள் எந்தக் காற்றுக்கும் சத்தமில்லாமல் தொங்கும். செம்மறிகளும் அப்போது புல்லைத் தவிர வேறெதையும் தொடா. அவ்வளவு வீம்பு.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. மார்கழி முடிவதற்குள் கண்மாய்க்கரைப் புல்லெல்லாம் வேரோடு கருகிவிட்டது. ஆடு மேய்க்கும் மூக்கையன் கரைமேல் நின்ற வாகையிடம் போனான்.

“என் மந்தை சாகக் கிடக்கு. உன் தழையைத் தருவியா?”

“ஒடிச்சுக்க. எனக்கு வலிச்சா வலிச்சுட்டுப் போகுது” என்றது வாகை. “ஆனா ஒடிச்ச கையோட போட்டுடாத. உச்சிப்பொழுது வரைக்கும் வெயில்ல வாடட்டும். வாடுனதையும் கொஞ்சங் கொஞ்சமாப் போடு. காஞ்ச வயிறு பச்சைத் தழையைத் தாங்காது.”

மூக்கையன் தொரட்டியால் தழையை இழுத்து ஒடித்து வெயிலில் பரப்பினான். பசியில் வீம்பை விட்ட ஆடுகள் ஒதுங்கிக் காத்திருந்தன. மயிலை என்ற ஆடு மட்டும் தள்ளாடி வந்தது. அது முந்தின நாள்தான் குட்டி போட்டிருந்தது.

“ஐயா, குட்டி விடிஞ்சதுலயிருந்து மடியை முட்டுது. சொட்டுப் பால் இல்ல. எனக்கு மட்டும் இப்பவே ரெண்டு வாய் குடுங்க.”

“பொறு தாயி. பொழுது ஏறட்டும்.”

“நான் பொறுப்பேன். அது பொறுக்குமா?”

குட்டி முன்னங்கால் மடங்கி மண்ணில் விழுந்தது. மூக்கையனுக்கு மனசு கேட்கவில்லை. மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பச்சைத் தழையில் ஒரு கை அள்ளி மயிலைக்கு நீட்டினான். அது தின்ற வேகத்தைப் பார்த்து இன்னொரு கை அள்ளினான். பிறகு அவன் கை நிற்கவில்லை. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்த இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

சற்று நேரத்தில் மயிலையின் வயிறு உப்பித் தம்பட்டம் போலானது. எண்ணெய் புகட்டினான், வயிற்றை நீவினான், நடக்க வைத்துப் பார்த்தான். எதுவும் பலிக்கவில்லை.

“குட்டியைப் பாத்துக்குங்க ஐயா” என்றது மயிலை. அதோடு அதன் மூச்சு நின்றது.

உச்சிப்பொழுதில் மற்ற ஆடுகள் வாடின தழையைத் தின்றன. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்த்துத்தான் மூக்கையன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

“என் தழைதானே அவளைக் கொன்னுச்சு” என்றது வாகை. அதற்கப்புறம் அது பேசவேயில்லை. இருந்த இலையை எல்லாம் கொட்டிவிட்டது. உதிர்ந்து காய்ந்த அந்த இலையைத் தின்றே மந்தை பிழைத்தது.

குட்டிக்கு வேறொரு ஆடு பால் கொடுத்தது. வயிறு நிறைந்தாலும் அது தினமும் மரத்தடிக்கு வந்து, “எங்கம்மா எங்க?” என்று கேட்டு அழும். மூக்கையன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மரத்துக்கோ பேச்சு இல்லை. ஒருநாள் அது தன் காய்ந்த நெற்றுகளைக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டியது. குட்டி அழுகையை நிறுத்தி மேலே பார்த்தது. பார்த்தபடியே தூங்கிப்போனது.

அன்றிலிருந்துதான் தழை ஒடிப்பவர்கள் அதை வாடவிட்டு ஆட்டுக்குப் போடுகிறார்கள். வாகையும் வருஷந்தோறும் பனி முடியுமுன் இலையெல்லாம் கொட்டிவிட்டு, வெறும் நெற்றை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் கீழே போகும் குட்டி, தாய் பக்கத்திலேயே இருந்தாலும், ஒரு கணம் நின்று மேலே பார்க்கிறது.