சிறைவாயிலில் சொன்ன சொல்

கட்டறுத்து உயிர்களைத் தன் நிழலில் சேர்த்துக்கொள்ளும் எம்பெருமான் திருவடிகளை முதலில் வணங்குகிறேன். அன்பர்களே, கேளுங்கள்.

வேந்தர்கள் யானைமீதிருந்து நீதி கேட்ட காலம். ஆற்றுமுகத்து நகரொன்றின் சிறைக்குச் சாத்தனார் தலைமைக் காவலர். அவருக்கு ஓயாத மனக்குடைச்சல் ஒன்று இருந்தது. சிறையில் மிகப் பணிவாக இருந்தவர்களே, விடுதலையான ஒரு திங்களுக்குள் மீண்டும் விலங்கோடு வந்தார்கள். முதலாமவனைக் கேட்டார்; இரண்டாமவனைக் கேட்டார்; மூன்றாமவனையும் கேட்டார். மூவரும் சொன்னது ஒன்றே.

"வாயிலில் திருடர் தலைவன் காரி நின்றான். வா என்றான். போனேன், ஐயா."

அடுத்து விடுதலையாக வேண்டியவன் கூத்தன். பன்னிரண்டு ஆண்டு சிறையிருந்தவன். இன்னும் பத்தே நாள். கோயில் நந்தவனத்தில் நீர் இறைக்கும் வேலையை அவனுக்காகப் பேசி வைத்திருந்தார் சாத்தனார். ஆயினும் நெஞ்சு அமரவில்லை. அவனைச் சோதித்தார்.

"வெயிலில் நில்" என்றார். அந்தி வரை நின்றான். "உன் சோற்றை நாய்க்கு வை" என்றார். வைத்தான். "உன் அறை மூலையில் கிடக்கும் நோயாளிக் கிழவரின் கம்பளியைப் பிடுங்கி வா" என்றார். பிடுங்கி வந்தான்.

"ஏனப்பா பிடுங்கினாய்?"

"நீங்கள் சொன்னீர்களே, ஐயா."

அன்றிரவு சாத்தனார் தம்மையே கேட்டுக்கொண்டார். பணிவு என்று தாம் மெச்சியது இதைத்தானா? யார் ஏவினாலும் ஓடும் கால்களையன்றோ வளர்த்துவிட்டோம்!

மறுநாள் கம்பளியைக் கிழவருக்கே போர்த்தச் செய்தார். "தீயதை ஏவினால் மாட்டேன் என்று சொல். நான் ஏவினாலும் சொல்" என்றார். நாள்தோறும் அதே கம்பளியைப் பிடுங்க ஏவினார். நாள்தோறும் கூத்தன் வாய் திறப்பான், சொல் வராது, கை கம்பளிக்குப் போய்விடும்.

"நாக்குக்கும் விலங்கு பூட்டிவிட்டார்களாடா?" என்று சிறையே சிரித்தது.

பத்தாம் நாள் காலை. வெளியே காரி காத்திருந்தான். சாத்தனார் சாட்டையை ஓங்கினார். "கம்பளியைப் பிடுங்கி வா!"

கூத்தன் கம்பளிக்குப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "மா... மாட்டேன், ஐயா. அடியுங்கள்."

"அப்பாடா! இனி எனக்குக் குளிராது" என்றார் கிழவர்.

சாத்தனார் சாட்டையை எறிந்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"வாடா கூத்தா!" என்றான் காரி.

கூத்தனின் கால் ஓரடி பெயர்ந்தது. சாத்தனார் தூணைப் பற்றிக்கொண்டார்.

"மாட்டேன்."

மீண்டும் அழைத்தான் காரி. "மாட்டேன்." மூன்றாம் முறையும் அழைத்தான். இம்முறை கூத்தனின் குரல் தடுமாறவில்லை. "மாட்டேன் என்றேனே! நந்தவனத்தில் செடிகள் காய்கின்றன."

அடங்கி நடக்க மட்டும் கற்பித்து ஒருவனை அனுப்புவது விடுதலையன்று. தீமையை மறுக்கும் துணிவைக் கொடுத்து அனுப்புவதே விடுதலை.

இதைக் கேட்ட அனைவருக்கும் அத்துணிவை இறைவன் அருள்வானாக. உங்கள் வாயில்கள் நல்வழியில் திறப்பனவாக.