ராசியான கை இழுத்த கயிறு

கல்யாண மண்டபத்து மேனேஜர் வைரவசுந்தரம் ராசியான கைக்காரர் என்று பேர் வாங்கியவர். விருந்துக்கு அடுப்புப் பற்றவைக்கக்கூட அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வாங்கி வந்த பெட்ரோல் புல்வெட்டி மட்டும் கிளம்பவே கிளம்பாது. அதைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துத் தோட்டக்காரர் சடையாண்டிக்குத் தோளே வீங்கிவிட்டது.

ஒருநாள் முதலாளியம்மா வந்தார். வளர்ந்து நின்ற புல்லைப் பார்த்து முகம் சுளித்தார்.

"மெஷின் தங்கமான மெஷின்ம்மா. இவன்தான் சோம்பேறி. இன்னியோட நிறுத்திடலாம்," என்றார் மேனேஜர்.

சடையாண்டி தலையாட்டினார். "ஐயா சொல்றது சரிதாம்மா. என் கைக்கு ராசியில்ல. ஐயா தொட்டு ஒரு தடவ இழுத்துக் குடுத்தா, அப்புறம் நான் வெட்டிக்கிறேன்."

ராசியான கை எப்படி மறுக்கும்? மேனேஜர் இழுத்தார். மெஷின் இருமிவிட்டு அடங்கியது. சட்டை நனையும்வரை இழுத்துப் பார்த்தார்.

"மெஷின்லதான் ஏதோ கோளாறு," என்றார் மூச்சு வாங்க.

"நல்லவேளைங்கய்யா. இத்தன நாளும் கோளாறு எங்கிட்டன்னு நெனச்சிருந்தேன்."

முதலாளியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சடையாண்டி வேலையில இருக்கட்டும்."

வேலை நிலைத்தது. சடையாண்டி அரிவாளை எடுத்துக்கொண்டு, மண்டபத்தைச் சுற்றி முழங்கால் உயரம் நின்ற புல்லை ஒருமுறை பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்தார்.