திரும்பிப் படுத்த பிள்ளை

"பயத்தை எப்படிம்மா விரட்டுறது?"

ஆலடிப்பாறைத் தியானக் குடிலுக்கு வந்த நாளிலிருந்து பூதலிங்கம் கேட்டது இந்த ஒரு கேள்விதான். காலையில் தியானம் முடிந்து எல்லாரும் பாயைச் சுருட்டும்போது கேட்பார். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொரு தடவை கேட்பார்.

"யோசிச்சுச் சொல்றேன் அண்ணாச்சி," என்பார் குரு.

மற்ற குருமார்களாக இருந்தால் கேள்வி முடிவதற்குள் பதிலை எடுத்து நீட்டியிருப்பார்கள். இவருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. தெரியாததைத் தெரியாது என்று பச்சையாகச் சொல்லிவிடுவார். அதனாலோ என்னவோ குடிலில் என்றைக்குமே கூட்டம் கம்மி.

குருவின் பெயர் மங்கையர்க்கரசி. வயது முப்பத்தேழு. பூதலிங்கத்துக்கு ஐம்பத்தொன்பது. ஆனாலும் அங்கே வருகிற பெரியவர் சிறியவர் எல்லாரும் குருவை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். பூதலிங்கமும் அப்படித்தான்.

பூதலிங்கத்தின் பயத்துக்குக் காரணம் இருந்தது. சித்திரையில் ஒருநாள் சவரம் செய்யும்போது, இடது காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் போய்க் காட்டினார். "ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்துப் பாத்துருவோம். நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சிரும்," என்றார் டாக்டர். "நாளைக்கு வரேன் சார்," என்று வெளியே வந்தவர்தான். அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

இத்தனைக்கும் அவர் இரும்புக்கடை முதலாளி. ஒரு சத்தம் போட்டால் லாரிக்காரன் பேசாமல் வண்டியை ஓரங்கட்டுவான். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு அந்த ஊசியை நினைத்தாலே ஈரக்குலை நடுங்கியது. முதலில் பயத்தைத் தொலைப்போம், அதற்கப்புறம் தைரியமாக ஊசிக்குப் போவோம் என்று தனக்குத்தானே ஒரு திட்டம் போட்டுக்கொண்டார். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுக் குடிலுக்கு வந்து உட்கார்ந்தார். கட்டி விஷயம் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. தோளில் ஒரு துண்டு போட்டு மறைத்துக்கொள்வார்.

ஆடி வந்துவிட்டது. பயம் அப்படியே இருந்தது. கட்டி மட்டும் கொஞ்சம் பெருத்திருந்தது.

அம்மாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததும் சில சீடர்களுக்கு முகம் சுண்டிவிட்டது. "குருவுக்கே ஆசை விடலையே, நமக்கு எங்க விடப்போகுது?" என்று பேசிக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டார்கள். காதில் விழுந்தபோது அம்மா சிரித்தார்.

"பாவம், அவங்களுக்கு இம்புட்டுத் தூரம் நடக்கிறது மிச்சம்," என்றார்.

அன்றைக்கு அம்மாவுக்கு ஐந்தாம் மாத ஸ்கேன். அவர் கணவர் மின்வாரியத்தில் வயர்மேன். முந்தின நாள் ஆடிக்காற்றில் மலையடிவாரமெங்கும் கம்பங்கள் சாய்ந்துவிட்டன. விடியுமுன்பே ஆபீசிலிருந்து ஆள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

"அண்ணாச்சி, உங்க காரை எடுக்க முடியுமா?" என்று கேட்டார் அம்மா.

"எந்த ஆஸ்பத்திரிம்மா?"

"டவுன் ஆஸ்பத்திரிதான்."

சித்திரையில் பூதலிங்கம் தப்பி வந்த அதே ஆஸ்பத்திரி. குரு கேட்டு எப்படி மறுப்பது? சாவியை எடுத்துக்கொண்டார்.

வழியெல்லாம் சாரல். பாதித் தூரம் போனதும் அம்மா தானாகச் சொன்னார்.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி, இதே அஞ்சாம் மாசம், இதே கட்டில்லதான் படுத்தேன் அண்ணாச்சி. துடிப்பு இல்லைன்னு சொன்னாங்க."

பூதலிங்கம் கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க," என்றார் அம்மா.

ஆஸ்பத்திரியில் முதலில் எடை பார்த்தார்கள். பிறகு ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணியைக் கொடுத்து மடமடவென்று குடிக்கச் சொன்னார்கள். பாகு மாதிரி இருந்தது. அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். ரெண்டு மணி நேரம் காத்திருந்து சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்தார். அதற்குள் ரெண்டு தரம் குமட்டியது, ரெண்டு தரமும் பல்லைக் கடித்து உள்ளே தள்ளினார். வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் வந்து முதலிலிருந்து குடிக்க வேண்டுமாம்!

அடுத்து நர்ஸ் பிபி பார்க்க வந்தாள்.

"அப்பா கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள்.

"நான் அப்பா இல்லம்மா. அவங்க சீடன்."

நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரா இருந்தாலும் பிபி பாக்குறப்ப பேசக்கூடாது," என்றாள். கருவியைப் பார்த்ததும் அவள் புருவம் சுருங்கியது. "ஏறியிருக்கே. என்னம்மா இவ்வளவு பதட்டம்?"

பூதலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவுக்குப் பதட்டமா? மலை மாதிரி அசையாமல் உட்கார்ந்து தியானம் சொல்லிக்கொடுக்கிற அம்மாவுக்கா? நர்ஸ் தப்பாகப் பார்த்திருப்பாள் என்று நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் மறுபடியும் பார்த்தாள். இறங்கியிருந்தது, ஆனால் கொஞ்சம்தான்.

ஸ்கேன் அறைக்குக் கூப்பிட்டார்கள். அம்மா வாசலில் நின்றுவிட்டார்.

"நீங்களும் வாங்க அண்ணாச்சி. எனக்கு ஒத்தையில போக முடியல."

பூதலிங்கம் உள்ளே போய்த் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம், சுவரைப் பார்த்து நின்றார். அங்கிருந்து பேச்சு மட்டும் கேட்டது.

"கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்," என்றார் டாக்டர் ஷகிலா. மெஷின் இரைகிற சத்தம் மட்டும்.

"டாக்டர், டி.வி.யை என் பக்கம் திருப்புங்க."

"பாக்கணுமாம்மா? போன தடவை கண்ணை இறுக்கி மூடிக்கிட்டீங்களே."

"இந்தத் தடவை பாக்குறேன்."

எதையோ நகர்த்துகிற சத்தம். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் அந்தத் துடிப்பு வந்தது. விடாமல், வேகவேகமாக, அறை முழுக்கக் கேட்டது. பூதலிங்கம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"துடிப்பு ஜோரா இருக்கு," என்றார் டாக்டர். "தலை நல்லா வளர்ந்திருக்கு. கை கால் சரியா இருக்கு. முதுகெலும்பு அழகாத் தெரியுது. ஆனா பிள்ளை முதுகைக் காட்டிட்டுக் குப்புறப் படுத்திருக்கு. நெஞ்சுக்குள்ள இருதயத்தோட நாலு அறையையும் நான் பாக்கணும். போன தடவை அப்படி ஆனதால, பாக்காம அனுப்ப எனக்கு மனசு வராது. வெளிய கொஞ்சம் நடந்துட்டு, இனிப்பா ஏதாவது சாப்பிட்டுட்டு வாங்க. திரும்பும்."

அம்மா நடந்தார். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அங்கிருந்து இந்தக் கோடி. பூதலிங்கம் கேன்டீனுக்கு ஓடி மாம்பழ ஜூஸ் வாங்கிவந்தார். அம்மாவுக்கு ஒரு கையில் ஜூஸ், மறு கை வயிற்றில். உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஏதோ மந்திரம் போல என்று பூதலிங்கம் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தார்.

"திரும்பு கண்ணு. ஒரே ஒரு தடவை. என் தங்கம்ல? அம்மா உன் நெஞ்சைப் பாக்கணும்டா. பாத்துட்டு விட்டுருதேன், அப்புறம் எப்படி வேணா படுத்துக்கோ..."

குரு கெஞ்சிக்கொண்டிருந்தார்! எதையும் பிடித்து இழுக்காதீர்கள், வருவது வரட்டும் என்று தினமும் சொல்கிற வாய் அது.

"அம்மா," என்றார் பூதலிங்கம் தயங்கித் தயங்கி. "நீங்க பயப்படுறீங்களா?"

"கையைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். ஐஸ்கட்டியாக இருந்தது.

"அப்ப... மூச்சைக் கவனிக்கணும்னு எங்களுக்குச் சொல்லித்தந்தீங்களே?"

"கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணாச்சி. பயந்தா மூச்சு எப்படிப் போகும்னு இன்னைக்குத்தான் நல்லாத் தெரியுது."

சொல்லிவிட்டு அம்மா சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கியது. திரும்பவும் நடக்க ஆரம்பித்தார்.

இரண்டாம் முறை உள்ளே போனார்கள். பிள்ளை அசையவில்லை. அதே முதுகு.

"நல்ல பிடிவாதம்," என்றார் டாக்டர். "உங்களுக்கும் களைப்பா இருக்கு, பிபியும் ஏறியிருக்கு. அடுத்த வாரம் வாங்களேன், பாத்துக்கலாம். ஒண்ணும் அவசரமில்ல."

வெளியே வந்ததும் பூதலிங்கம் முந்திக்கொண்டார். இந்த விஷயத்தில் அவருக்குத்தான் நல்ல அனுபவம் உண்டே.

"அதுதாம்மா சரி. பேசாம வீட்டுக்குப் போவோம். நாலு நாள் உக்காந்து தியானம் பண்ணுங்க. மனசு அடங்கட்டும். பயம் தெளிஞ்ச பிறகு வந்து பாத்தா, எதுவா இருந்தாலும் தாங்கிக்கலாம்."

அம்மா நின்றார்.

"என் பயம் தெளியுற வரைக்கும் பிள்ளை வளராம இருக்குமா அண்ணாச்சி?"

அதட்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் இருந்தது. பூதலிங்கத்தின் கை தானாகத் துண்டுக்குள் போய்க் கழுத்தைத் தடவியது.

அம்மா திரும்பிப் போய் ஸ்கேன் அறைக் கதவைத் தட்டினார்.

"டாக்டர், இன்னைக்கே பாத்துருங்க. மத்தவங்க எல்லாரும் முடியட்டும். நான் கடைசியா வரேன்."

மறுபடி நடை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. பெஞ்சில் இருந்த கர்ப்பிணிகள் ஒவ்வொருவராக உள்ளே போய், ரிப்போர்ட்டோடு வெளியே வந்து, வீட்டுக்குப் போனார்கள். அம்மாவின் கால் வீங்கிச் செருப்பு பிடித்துக்கொண்டது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார். ஒரு தடவை சுவரில் கைவைத்து நின்று விசும்பினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த அடி வைத்தார். கெஞ்சல் மட்டும் ஓயவில்லை.

பார்க்கப் பார்க்கப் பூதலிங்கத்துக்கு மனசு என்னவோ செய்தது. மூன்று மாதமாக இவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம், இந்த மனுஷி யாரென்று இப்போதுதானே தெரிகிறது என்று நினைத்தார். அசையாமல் உட்கார்ந்திருந்த அம்மாவை அவருக்குப் பிடிக்கும். நடுங்கிக்கொண்டு நடக்கிற அம்மாவின் காலில் விழுந்து கும்பிட வேண்டும் போல இருந்தது.

மூன்றாம் முறை கூப்பிட்டார்கள். பூதலிங்கம் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடி சக்கை!" என்றார் டாக்டர் ஷகிலா. "மல்லாந்து படுத்துக்கிட்டுப் பாக்குது. இந்தா பாருங்கம்மா. ஒண்ணு, ரெண்டு. கீழ மூணு, நாலு. நாலும் சரியா இருக்கு. ரத்த ஓட்டமும் நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்ல."

அம்மா வாய்விட்டு அழுதார். வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும். நர்ஸ் பதறி ஓடிவந்து, விஷயம் தெரிந்ததும், "இதுக்கா இந்த அழுகை?" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டாள்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். நர்ஸ் இரும்புச் சத்து மாத்திரையைக் கொடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டார்.

"போலாமா அண்ணாச்சி? பசி உயிர் போகுது."

பூதலிங்கம் எழுந்திருக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை மெல்ல எடுத்து மடியில் வைத்தார்.

அம்மா கழுத்தைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"சித்திரையில பாத்தேன். அப்ப சின்னதா இருந்துச்சு."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"இங்கதாம்மா, மாடியில. ஊசி குத்திப் பாக்கணும்னாங்க." பூதலிங்கம் மடியில் கிடந்த துண்டை மடித்து மடித்து வைத்தார். "பயம் போனதும் குத்திக்கலாம்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

அம்மா திட்டவில்லை. அடப்பாவி என்றுகூடச் சொல்லவில்லை. இடுப்பில் ஒரு கையை ஊன்றி எழுந்தார். வெறுங்காலோடு மாடிப்படிப் பக்கம் நடந்தார்.

"அம்மா, படி ஏறாதீங்க! லிப்ட் இருக்கும்மா!" பூதலிங்கம் அம்மாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

மாடியில் அம்மாவே கவுண்டரில் நின்று அவர் பெயரைச் சொல்லிச் சீட்டுப் போட்டார். டாக்டர் இன்றைக்கே பார்த்து ஊசி குத்திவிடுவார், உட்காருங்கள் என்றார்கள். ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"உங்களுக்கு என்னம்மா, பிள்ளை நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க," என்றார் பூதலிங்கம். "எனக்குத்தான் இன்னும் பயம் போகல."

"எனக்கு மட்டும் போயிருச்சா என்ன?" என்றார் அம்மா. "எந்திரிங்க அண்ணாச்சி, உங்க பேரைத்தான் கூப்பிடுறாங்க."