நொச்சிக்குறிச்சிக் குழு மாகாளியைக் கல்லூரியில் சேர்த்த கதை

நொச்சிக்குறிச்சி மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளில் ஒருவர்கூட விடுபடாமல் வழிகாட்டி, விண்ணப்பிக்க வைத்து, கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்கு அறிவும் அனுபவமும் உள்ளவர்களைக் கொண்டு ஒரு குழு அமைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த இரண்டாவது பாதி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது.

தலைமையாசிரியர் ஆவுடையப்பன் ஆசிரியர் அறைக்குப் போய், "அறிவுள்ளவங்கள்லாம் கையைத் தூக்குங்க" என்றார்.

கணக்கு டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார், தூக்கவில்லை. அறிவியல் வாத்தியார் வெட்கப்பட்டுக்கொண்டு தூக்கவில்லை. பி.டி. மாஸ்டர் கொம்பையா தினமும் காலையில் பிள்ளைகளுக்குக் கை தூக்கிக் காட்டுகிறவர், பழக்கத்தில் தூக்கிவிட்டார். டிராயிங் மாஸ்டர் தாணு மின்விசிறியின் வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கை காட்டினார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் வன்னியப்பெருமாள் இரண்டு கைகளையும் தூக்கினார். அவர் பந்தல் காண்ட்ராக்டர். எந்த வேலையானாலும் அப்படித்தான் இறங்குவார். இப்படியாகக் குழு அமைந்தது.

அந்த வருஷம் பள்ளியில் முதல் மார்க் வாங்கியவள் உச்சிமாகாளி. வேதியியல் படிக்க வேண்டும், அதுவும் டவுனில் இருக்கிற அரசுக் கல்லூரியில் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் அம்மா சொர்ணம் பீடி சுற்றுகிறவள். மகளுக்கு சீட் கிடைக்காவிட்டால் வீட்டில் இன்னொரு பீடித் தட்டு வாங்க வேண்டியிருக்கும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். அதனால் மாகாளி குழுவிடம் போய்ப் பணிவாகச் சொன்னாள்:

"சார், எனக்கு அப்ளிகேஷன் போடத் தெரியும். நானே போட்டுக்கிடுதேன்."

ஆவுடையப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. "நீயே போட்டுக்கிட்டா அதுக்குப் பேரு வழிகாட்டுதலா? வழி தெரிஞ்சவளுக்கு வழிகாட்டலேன்னா வேற யாருக்குக் காட்ட? வழி தெரியாதவனுக்குக் காட்டினா அவனுக்கு எப்படிப் புரியும்?"

"அதான?" என்றார் கொம்பையா.

முதல் வேலை போட்டோ. 'முகம் தெளிவாக இருக்க வேண்டும். இரு காதுகளும் தெரிய வேண்டும். பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும்' என்று விண்ணப்ப இணையதளத்தில் போட்டிருந்தது. குழு இதை வெகு நேரம் ஆலோசித்தது.

"முகம் தெளிவா இருக்கணும்னா?" என்று கேட்டார் வன்னியப்பெருமாள்.

"கழுவணும்" என்றார் கொம்பையா. எல்லாப் பிள்ளைகளையும் குழாயடிக்கு விரட்டி முகம் கழுவ வைத்தார்கள்.

"பின்னணி வெள்ளையா இருக்கணுமாம். பின்னாடி அணியிறதுதானே பின்னணி?" என்றார் தாணு. அவர் ஓவியர் என்பதால் சொல்லைப் பிரித்துப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு.

வன்னியப்பெருமாள் தன் குடோனிலிருந்து பந்தல் துணியைக் கொண்டுவந்து கிழித்து, ஒவ்வொரு பிள்ளையின் முதுகிலும் பின் குத்தினார். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். போட்டோகிராபர் கேமராவைத் தூக்கியதும் ஆவுடையப்பன் கையைக் காட்டித் தடுத்தார்.

"நில்லும்வே. முன்னாடியிருந்து எடுத்தா பின்னணி எப்படித் தெரியும்?"

குழு அசந்துபோனது. தலைமையாசிரியர் என்றால் சும்மாவா? பிள்ளைகளைத் திருப்பி நிற்க வைத்தார்கள். பின்னாலிருந்து பார்த்தாலும் இரண்டு காதும் நன்றாகவே தெரிந்தன.

"சார், என் முகம்?" என்று மாகாளி சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கழுவியாச்சில்லா? தெளிவாத்தான் இருக்கு. திரும்பாதே" என்றார் ஆவுடையப்பன்.

அடுத்தது சான்றிதழ்கள். அவற்றை ஸ்கேன் எடுத்து ஏற்ற வேண்டும் என்று இருந்தது. 'ஸ்கேன்' என்றதும் வன்னியப்பெருமாள் பதறினார். அவர் மனைவிக்குப் போன ஆண்டுதான் எடுத்திருந்தார்கள்.

"சார், வெறும் வயித்துல போகணும்! காலைல டீகூடக் குடிக்கப்படாது!"

"சான்றிதழ் எங்க ஓய் சாப்பிடுது?"

"அது சாப்பிடாதுன்னு நமக்குத் தெரியும், அங்க உள்ளவங்களுக்குத் தெரியுமா? யாராவது ஒருத்தர் அதுக்காகப் பட்டினி கிடந்தாத்தான் மரியாதை."

தாணு பட்டினி கிடந்தார். காலையிலேயே கைநிறையச் சான்றிதழ்களோடு டவுனில் இருந்த ஸ்கேன் சென்டருக்கு நால்வரும் போய்ச் சேர்ந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண் தலை நிமிராமல், "பேஷன்ட் பேரு?" என்றாள்.

"உச்சிமாகாளி" என்றார் ஆவுடையப்பன், மேலாக இருந்த சான்றிதழைப் பார்த்து.

"எத்தனாவது மாசம்?"

"மார்ச் மாசம் எழுதினது. மே மாசம் வந்துது."

அந்தப் பெண் இப்போது தலை நிமிர்ந்தாள். நால்வரையும் பார்த்தாள். பசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற தாணுவைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனவள் திரும்பி வரவேயில்லை. வாட்ச்மேன் வந்து, பக்கத்து ஜெராக்ஸ் கடையைக் காட்டி அனுப்பிவைத்தார். ஜெராக்ஸ் கடையில் தாணுவுக்குச் சாப்பிட அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்கள்.

இதற்குள் கடைசித் தேதி நெருங்கிவிட்டது. சொர்ணம் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"ஐயா, எம்புள்ள கஷ்டப்பட்டுப் படிச்சு மார்க் வாங்கியிருக்கா. நீங்க அவ முதுகைப் போட்டோ எடுத்து வச்சிருக்கீங்க. இது எந்த ஊரு நியாயம்?"

"அம்மா, நீங்க உணர்ச்சிவசப்படுதீங்க" என்றார் ஆவுடையப்பன். "இதெல்லாம் தொழில்நுட்பம். இன்னைக்கே பதிவு பண்ணிருவோம். உங்க போன் நம்பரை மட்டும் சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க."

கணினி அறையில் குழு கூடியது. பெயர் போட்டார்கள். போன் நம்பர் போட்டார்கள். அடுத்து 'கடவுச்சொல்லை உருவாக்கவும். அதை வேறு யாருக்கும் தெரிவிக்க வேண்டாம்' என்று வந்தது.

"மாகாளி, நீ வெளிய போ" என்றார் ஆவுடையப்பன்.

"சார், அது என்னோட பாஸ்வேர்டு."

"யாருக்கும்னு போட்டிருக்கும்மா. நீ யாருமில்லையா?"

மாகாளி வெளியே போனாள். ஆவுடையப்பன் மற்ற மூவரையும் சுவர்ப்பக்கம் திரும்பச் சொன்னார். விசைப்பலகையில் கை வைத்தவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"நான் அடிச்சா எனக்குத் தெரிஞ்சுபோயிருமே?"

"கண்ணை மூடிக்கிடுங்க சார்" என்றார் கொம்பையா சுவரைப் பார்த்தபடி.

தலைமையாசிரியர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மனதையும் வெறுமையாக வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பொத்தான்களை அமுக்கினார். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத கடவுச்சொல் அது. அவருக்கு அதில் இன்றைக்கும் பெருமை உண்டு.

உடனே திரையில், 'உங்கள் கைபேசிக்கு ஓ.டி.பி. வந்துள்ளது' என்று எழுத்து ஓடியது.

"யாரு சார் ஓ.டி.பி.?" என்று கேட்டார் வன்னியப்பெருமாள்.

"மேலிடத்து ஆளா இருக்கும். மூணு எழுத்துல கூப்பிடுதாங்கன்னா சும்மா ஆளா? சொர்ணம் வீட்டுக்கு வந்திருக்காராம். கொம்பையா, ஓடிப்போய்க் கூட்டிட்டு வாரும்!"

கொம்பையா ஓடினார். அவருக்கு அந்த ஒரு வித்தை தெரியும். சொர்ணம் வீட்டு வாசலில் நின்று, "ஓ.டி.பி. வந்திருக்காராமே?" என்று மூச்சிரைத்தார். சொர்ணம் போனை நீட்டினாள். கொம்பையா அதை வாங்கி, முழுவதும் படித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடிவந்தார்.

"பாத்தீரா?"

"பாத்தேன் சார்."

"என்ன சொன்னாரு?"

"அதை யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னாரு."

"எதை?"

"அதைச் சொன்னா சொன்ன மாதிரி ஆயிருமே சார்."

ஆவுடையப்பன் யோசித்தார். ஒரு பெரிய மனிதர் நம்பிச் சொன்னதை வெளியே விடுவது அழகில்லை. ஆனால் குழுவுக்குள் சொல்லலாமா என்று தாணு கேட்டார். குழு என்பது யாரோவா, யாருமில்லையா என்று விவாதம் நடந்தது. ஓட்டெடுப்புக்கு விடலாம் என்று வன்னியப்பெருமாள் எழுந்தபோது திரை மாறியது.

'ஓ.டி.பி. காலாவதியாகிவிட்டது.'

எழுந்து நின்ற வன்னியப்பெருமாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இப்பத்தான பாத்துட்டு வந்தேன்" என்றார் கொம்பையா. "நல்லாத்தான் இருந்தாரு."

"மனுஷ வாழ்க்கை" என்றார் தாணு.

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "கடைசியா நம்ம ஊருக்கு வந்து போயிருக்காரு. சும்மா விடக்கூடாது."

பள்ளிக்கு மறுநாள் விடுமுறை அறிவிக்கப்பட்டது. வன்னியப்பெருமாள் பந்தல் போட்டார். காலையில் மௌன அஞ்சலி. தாணு ஓ.டி.பி.யின் படத்தைக் கரியில் வரைந்து மாலை போட்டு வைத்தார். மீசை வைத்த, கம்பீரமான முகம். ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு கட்சிக்காரர்கள், அவர் தங்கள் கட்சிதான் என்று சொல்லி வாசலில் சண்டை போட்டார்கள்.

அந்த விடுமுறைதான் மாகாளிக்குக் கிடைத்த ஒரே நல்ல காரியம். காலை பஸ்ஸில் அம்மாவும் மகளும் டவுனுக்குப் போனார்கள். வகுப்புப் பிள்ளைகளையும் மாகாளி கூட்டிக்கொண்டாள். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, எல்லோரும் முகத்தை முன்னால் வைத்துப் போட்டோ எடுத்து, ஒருவருக்கொருவர் சரிபார்த்து, விண்ணப்பம் போட்டு முடித்தார்கள். சொர்ணம் போனைக் கையில் பிடித்தபடியே நின்றாள். மெசேஜ் வந்ததும் கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி எண்ணைக் கத்தினாள்.

தரவரிசைப் பட்டியல் வந்தது. மாகாளிக்கு அவள் கேட்ட கல்லூரியில், கேட்ட பாடமே கிடைத்தது. மற்றப் பிள்ளைகளும் அங்கங்கே சேர்ந்துவிட்டார்கள். சொர்ணம் அன்றைக்குப் பீடி சுற்றவில்லை. ஊருக்கே பால் பாயசம் வைத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்துத் தெருவுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

நொச்சிக்குறிச்சி பள்ளியில் ஒருவர்கூட விடுபடவில்லை என்பதை மேலிடம் கவனித்தது. குழுவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. 'தங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?' என்று கேட்டிருந்தார்கள். ஆவுடையப்பன் யோசித்து, 'மௌன அஞ்சலி' என்று பதில் எழுதினார். அடுத்த ஆண்டு மாவட்டத்தில் பல பள்ளிகள் அதைக் கடைப்பிடித்ததாகக் கேள்வி.

ஆனால் ஆவுடையப்பனுக்கு மனம் ஆறவில்லை. "கல்லூரியில கொண்டுபோய்ச் சேர்க்கணும்னு போட்டிருக்கு. நாம கொண்டுபோகலியே?" என்றார். நால்வரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, முதல் நாள் வகுப்புக்கே கிளம்பிப் போனார்கள். மாகாளி அதற்குள் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். அதனால் நேராகக் கல்லூரி முதல்வர் அறைக்குப் போய், தாங்கள் யார், எப்படியெல்லாம் பாடுபட்டோம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்கள்.

முதல்வர் பொன்னுத்துரை தங்கமான மனுஷர். யாரிடமும் முகம் கோணிப் பேசத் தெரியாது. டீ வரவழைத்துக் கொடுத்தார். எல்லாம் கேட்டு முடித்து எழுந்து நின்று கைகூப்பினார்.

"ரொம்ப சந்தோஷம். போயிட்டு வாங்க."

நால்வரும் வணங்கிவிட்டுப் போனார்கள். வாசல் கேட் வரைக்கும் போனார்கள். திரும்பி வந்தார்கள்.

"போயிட்டு வந்துட்டோம் சார்" என்றார் ஆவுடையப்பன்.

எதையோ மறந்து வைத்துவிட்டார்கள் போல என்று முதல்வர் நினைத்தார். மறுபடியும் டீ வந்தது. மறுபடியும் கைகூப்பினார். "நல்லது சார். போயிட்டு வாங்க."

போனார்கள். வந்தார்கள். இந்தத் தடவை கொம்பையா எல்லோரையும் ஓடவைத்ததால் சீக்கிரமே வந்துவிட்டார்கள்.

மாடியில் வேதியியல் வகுப்பு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாகாளி கீழே பார்த்தாள். கேட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் நான்கு பேர் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள்.

"யாருடி அது?" என்று கேட்டாள் பக்கத்துப் பெண்.

"தெரியலியே" என்று சொல்லிவிட்டு மாகாளி பாடத்தைக் கவனித்தாள்.

மத்தியானத்துக்குள் முதல்வருக்குத் தலை சுற்றிவிட்டது. வேறு வழி தெரியாமல், பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "அப்ப நீங்க இருங்க. நான் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக வீட்டுக்கு ஓடினார்.

மறுநாள் காலையில் பயந்து பயந்து தன் அறைக் கதவைத் தள்ளித் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். நால்வரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆவுடையப்பன் மலர்ந்த முகத்தோடு எழுந்து நின்று, முதல்வரின் நாற்காலியைத் துண்டால் தட்டிக் காட்டினார்.

"வாங்க சார், வாங்க. நாங்க எவ்வளவு சீக்கிரம் போயிட்டு வந்தோம், நீங்க என்ன சார் இவ்வளவு நேரம்?"