விசில் சத்தத்தோட ஒரு தாலாட்டு

ஒரு ஊர்ல ஒரு பூரணி இருந்தா. உக்காந்தா கால் ஆடும், நின்னா கை துறுதுறுங்கும். தோசை வேகறதுக்குள்ள நாலு தடவை திருப்பிப் பாப்பா. அப்படி ஒரு அவசரக்குடுக்கை. நீ மட்டும் என்னவாம், போர்வைய உதைக்காம படு கண்ணு. ம் சொல்லு, அப்பதான் கதை நகரும்.

“ம்.”

அவளுக்கு ஒரு அக்கா, தெய்வானைன்னு. அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க. அப்பாதான் சமைச்சு, சடை பின்னி, தாலாட்டுப் பாடி ரெண்டு பேரையும் வளத்தாரு. அப்புறம் அக்கா மாசமா இருந்தப்போ, அப்பா அடுப்புல பருப்பு வெச்சுட்டு, அவ வயித்தப் பாத்து தினமும் பாடுவாரு. ஒருநா பூரணி அதப் போன்ல பதிஞ்சு வெச்சா. குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடியே அப்பா போயிட்டாரு. பாவம், பேத்திய ஒரு தடவை தூக்கக்கூட அவருக்குக் குடுத்து வெக்கல.

அந்த வீட்டு வழக்கம் என்னன்னா, குழந்தைய முதமுதலா தொட்டில்ல போடும்போது அம்மா வீட்டுப் பெரியவங்க பாடணும். பாட யாரு இருக்கா? அந்தப் போன்ல இருக்கற அப்பா குரல்தான். அதையும் கேட்டா, ஆராரோன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள உஸ்ஸ்ஸ்னு குக்கரு, கர்ர்ர்னு மிக்ஸி. நாளைக்குத் தொட்டில். அத்தனை பேர் முன்னாடி அப்பா குரல் தெளிவா கேக்கணுமேன்னு பூரணிக்கு இருப்புக்கொள்ளல.

அப்போ பக்கத்து வீட்டுல சொன்னாங்க, கிளவுட்ல போடு, இரைச்சலெல்லாம் போயிடும்னு. கிளவுட்னா மேகம். மழை மேகம் இல்ல கண்ணு. எங்கயோ தூரத்துல ஜில்லுனு ஒரு கட்டடம், உள்ள வரிசையா கம்ப்யூட்டரு. போன்ல இருக்கறத நெட்டு வழியா அங்க அனுப்பலாம், அந்த எடத்துக்குத்தான் அந்தப் பேரு.

அப்புறம் போட்டா. சர்ர்ர்னு ஏறிச்சு. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையா நடந்துட்டு, திரும்ப எடுத்துக் கேட்டா, அதே உஸ்ஸ்ஸ், அதே கர்ர்ர்.

“ஏன் சுத்தம் பண்ணல?”ன்னா.

“நான் வெச்சுக்கற மேகம். குடுத்தது குடுத்தபடியே இருக்கும். கைவெக்க மாட்டேன்”னுச்சு மேகம்.

ஃப்ரிட்ஜ்ல அரிசியும் உளுந்தும் வெச்சா காலையில மாவா இருக்குமா? இது அவளுக்குத் தோணல பாரு.

“ம்.”

அப்புறம் போன்ல இடம் இல்லன்னு வந்துச்சு. மேகத்துலதான் பத்திரமா இருக்குதேன்னு, போன்ல இருந்த பாட்ட டக்குனு அழிச்சுட்டா. போய்ப் பாத்தா மேகத்துலயும் காணோம். ஐயோன்னு அலறிட்டா.

“உன் போனும் நானும் ஒண்ணா கட்டினது. ஒரு பக்கம் அழிச்சா மறுபக்கமும் போகும்”னுச்சு மேகம். “அழாத. குப்பைக்கூடையில கொஞ்ச நாள் வெச்சிருப்பேன், பாரு.”

கூடையில பாத்தா, பாட்டு இருந்துச்சு. அத எடுத்து மறுபடி மேகத்துலயே வெச்சா. அப்படியே தரையில உக்காந்து அழுதா. அழுது முடிக்கறதுக்குள்ள எழுந்தும் போயிட்டா. அவளால உக்கார முடியுமா?

அப்புறம் இன்னொரு மேகத்தத் தேடிப் புடிச்சா. அது வேலை செய்யற மேகம்.

“உன் போன் தம்மாத்துண்டு. அதால முடியாத வேலைய நான் இங்க செஞ்சு தரேன்”னுச்சு. “நெட்டு அறுந்தா வேலை நின்னுடும். முடிஞ்சதும் எடுத்துட்டுக் கெளம்பு, நான் வெச்சுக்க மாட்டேன்.”

மாவு மில்லுல அரைச்சுக் குடுப்பாங்க, தூக்க நீதான் போகணும். அந்த மாதிரிதான்.

பாட்ட அதுக்கு அனுப்பினா. போன்ல வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. பொட்டுனு நெட்டு போச்சு. தடதடன்னு மொட்டை மாடிக்கு ஓடி, தண்ணித் தொட்டி பக்கத்துல போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னா. அப்போ டிங்னுச்சு. குக்கரக் காணோம், மிக்ஸியக் காணோம், அப்பா குரல் மட்டும் பளிச்சுனு. அத ஓடிப்போய் வெச்சுக்கற மேகத்துல, பழசுக்குப் பக்கத்துலயே போட்டா. தூங்கிட்டியா?

“ம்ஹூம்.”

மறுநா தொட்டில் கட்டினாங்க. குழந்தையப் போட்டு, புதுப் பாட்ட வெச்சாங்க. அப்பா ரெண்டாவது வரிக்குப் போறதுக்குள்ள குழந்தை வீல்ல்னுச்சு. நிறுத்தி மறுபடி வெச்சா, மறுபடி வீல்ல். பூரணிக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

“பழசு இருக்கா பூரணி?”ன்னா தெய்வானை.

“அது ஒரே இரைச்சல்க்கா.”

“இவ வயித்துக்குள்ள இருந்து அந்த இரைச்சலோடதானடி கேட்டா. அதையே போடு.”

வெச்சுக்கற மேகத்துல, குடுத்தது குடுத்தபடியே இருந்துச்சு. ஆராரோ... கர்ர்ர்... ஆரிரரோ... உஸ்ஸ்ஸ். குழந்தை கப்புனு அழுகைய நிறுத்திச்சு. கண்ண உருட்டி உருட்டிப் பாத்துச்சு. அப்புறம் சொருகிடுச்சு.

அப்போ போன்ல அப்பா பாட்ட நிறுத்திட்டு, “விசில் போதும் பூரணி, அடுப்ப அணை தாயி”ன்னாரு.

பூரணி பட்டுனு எழுந்து அடுப்படிக்குப் போயிட்டா. அங்க அடுப்பே எரியல. எரியாத அடுப்பப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. அன்னிக்கு அவ காலும் ஆடல, கையும் ஆடல.

ம் சொல்லு.

சரி, சொல்ல வேணாம். பருப்பு வெந்துது, அடுப்பு அணைஞ்சுது, கதையும் ஆச்சு. தூங்கு தாயி.