எல்லாக் கல்லும் ஒன்றாம் நம்பர்

நற்புத்திபுரத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். ஊர்க்காரர்களோடு பழகுவதற்கு முன்னாலேயே வைத்துவிட்டார். அதனால் அவரைக் குறை சொல்லக்கூடாது.

அந்தத் துரையின் சொந்தக் கிராமம் இங்கிலாந்தில் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. அங்கே அறுநூறு வருஷத்துப் பழைய கோயில் ஒன்று உண்டாம். அதைத் தலைமுறைக்குத் தலைமுறை பழுதுபார்ப்பார்களாம். அப்பன் பழுதுபார்த்ததை மகன் பழுதுபார்ப்பான், மகன் பழுதுபார்த்ததைப் பேரன் பழுதுபார்ப்பான். கோயிலுக்கு இடியாலும் மழையாலும் வந்த சேதத்தைவிட அதைக் காப்பாற்ற வந்தவர்களால் வந்த சேதம்தான் அதிகம் என்று துரையே சொல்லிச் சிரிப்பாராம்.

ஊர் ஞாபகம் தாங்காமல் அதே கோயிலை அப்படியே செம்மணல் மேடான இந்தத் தேரியில் கட்டினார். கூரான வளைவு வைத்த ஜன்னல், சுவருக்கு முட்டுக்கொடுத்த கல்தூண், கூரைத் தண்ணீரை வாய்வழியே துப்புகிற கல்பூதம், பனி தேங்காமல் வழுக்கி விழுவதற்குச் செங்குத்தான கூரை என்று ஒன்றையும் விடவில்லை. நற்புத்திபுரத்தில் மழை பெய்வதே அபூர்வம். ஆனாலும் எப்பேர்ப்பட்ட பனி கொட்டினாலும் நம் கோயிலுக்கு ஒன்றும் ஆகாது என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி இருந்தது.

சீமையில் கோபுரம் கொஞ்சம் மேற்கே சாய்ந்திருந்ததாம். துரை ஞாபகத்திலிருந்து கட்டியதால் இங்கேயும் சாய்த்தே கட்டினார். நூறு வருஷத்துக்கு மேல் அது சாய்ந்தபடி சௌக்கியமாக நின்றது. பிறகு பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற இன்ஜினியர் ஒருவர் சென்னையிலிருந்து வந்து தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தார். கோபுரம் இன்றைக்கோ நாளைக்கோ விழுந்துவிடும் என்றார்.

“துரை சாய்ச்சுத்தான் கட்டுனாரு சார்” என்றார் கோயில் கமிட்டித் தலைவர் வேதமாணிக்கம் அண்ணாச்சி.

இன்ஜினியர் அதைக் காதில் வாங்கவில்லை. “கோயிலை முழுசாப் பிரிச்சு மறுபடி கட்டணும். ஒவ்வொரு கல்லுக்கும் நம்பர் போடுங்க. ஒரு கல்லைக்கூட விட்டுடக்கூடாது. புதுசா எதைச் சேர்த்தாலும் அது புதுசுன்னு தெரியவே கூடாது” என்றார். சொல்லிவிட்டு இன்னொரு கோயிலைக் காப்பாற்றுவதற்காகக் காரில் ஏறிப் போய்விட்டார்.

இதைக் கேட்டுப் பதறியவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் ஜெபஞானம். கோயிலைக் கூட்டிப் பெருக்கி, மணியடித்து, சாயங்காலம் கதவைப் பூட்டுவது அவர் வேலை. அவருடைய ஒரே மகள் சலோமிக்குத் தூத்துக்குடியில் மாப்பிள்ளை பார்த்து, நாளும் குறித்தாகிவிட்டது. சம்பந்தி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். கல்யாணம் பெண் வீட்டுக் கோயிலில் நடக்க வேண்டும். இரவல் கோயில் என்றால் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவோம் என்று சொல்லியிருந்தார்.

“அண்ணாச்சி, எம் மக கல்யாணம்…” என்று இழுத்தார் ஜெபஞானம்.

“அதெல்லாம் சோலி முடிஞ்சிரும்வே. கட்டுனதுதான் கஷ்டம். பிரிச்சு வச்சா போச்சு” என்றார் வேதமாணிக்கம்.

முதலில் கூரையைப் பிரித்தார்கள். உடைந்த ஓடுகளுக்குப் பதிலாகப் புது ஓடு வந்து இறங்கியது. புதுசு என்று தெரியக்கூடாதே. ஆகவே இளைஞர் சங்கம் மொத்தமும் உட்கார்ந்து ஒவ்வொரு ஓடாக எடுத்து நிதானமாக உடைத்தது. புது உத்தரங்கள் பளபளவென்று இருந்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கறையான் புற்றோரம் போட்டு, பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் வைத்தார்கள். அந்த ஆள் கடைசிவரை பார்த்துக்கொண்டுதான் இருந்தான். உத்தரம் முழுவதும் தீர்ந்ததும் வந்து சொன்னான்.

அடுத்தது கல்லுக்கு நம்பர். இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். துரை கோயில் கட்டியபோது கல்லை வீட்டுக்கு வீடு பங்குபோட்டுக் கொடுத்தார். குன்றிலிருந்து அவரவர் தலையில் சுமந்து வந்தார்கள். எந்தக் கல் எந்த வீட்டுக் கல் என்பது இன்றைக்கும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆராதனை நடக்கும்போது ஜனங்கள் பாதிரியாரைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அவரவர் கல்லை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள்.

பெயிண்டையும் பிரஷையும் வைத்துக்கொண்டு கோயில்பிச்சை வாத்தியார் கேட்டார்: “ஒண்ணாம் நம்பர் எந்தக் கல்லுக்குப் போட?”

“வாசலோரம் இருக்குல்லா, அதுக்குப் போடும். எங்க வீட்டுக் கல்லுங்கிறதுக்காகச் சொல்லல. முதல்ல கண்ணுல படுது, அதான்” என்றார் வேதமாணிக்கம்.

பெண்கள் சங்கத்துப் பொன்மேரி எழுந்தாள். “பீடத்துக்குப் பின்னால எங்க கல்லு இருக்கு அண்ணாச்சி. அதுக்கு ரெண்டாம் நம்பரா? எங்க பூட்டன் மட்டும் கல்ல இடுப்புலயா வச்சிச் சுமந்தாரு?”

வாத்தியார் யோசித்தார். ஊரில் யோசிக்கிற வேலை அவருடையது. “ஆண்டவர் சந்நிதியில ஒசத்தி தாழ்த்தி உண்டுமா?” என்று கேட்டார்.

“கெடையவே கெடையாது” என்றார்கள் எல்லோரும். இதை எப்போது கேட்டாலும் அவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள்.

“அப்ப எல்லாக் கல்லுக்கும் ஒண்ணாம் நம்பரே போட்டுருவமே.”

கூட்டம் சொக்கிப்போனது. வேதமாணிக்கம் அண்ணாச்சிக்குக்கூட ஒரே ஒரு சந்தேகம்தான். “எங்க கல்லுல மட்டும் அந்த ஒண்ணக் கொஞ்சம் பெருசா எழுதலாம்லா?” என்று கேட்டார்.

கல்பூதத்தை மட்டும் யாரும் எங்கள் வீட்டுக் கல் என்று சொல்லவில்லை. அதற்கு நம்பர் போடாமல் விட்டார்கள்.

கோயிலை மளமளவென்று பிரித்துவிட்டார்கள். பிரிப்பதில் நற்புத்திபுரத்தாருக்கு நல்ல பழக்கம் உண்டு. பக்கத்தில் இருக்கிற கள்ளிவிளையே முதல் பெஞ்சில் யார் உட்காருவது என்ற தகராறில் இங்கிருந்து பிரிந்து போனவர்கள் உண்டாக்கிய ஊர்தான். அவர்கள் அங்கே தகரக் கூரையில் ஒரு சின்னக் கோயில் கட்டிக்கொண்டார்கள். அந்தத் தகராறு அங்கேயும் தீராததால் இன்றுவரை பெஞ்சு வாங்கவில்லை. அந்தக் கோயில் வாசலை மிதிப்பதில்லை என்று நற்புத்திபுரம் சபதம் போட்டிருந்தது.

கட்ட வந்த கொத்தனார் வெளியூர்க்காரர். முதல் வரிசைக் கல்லை வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. அதன்மேல் இரண்டாவது வரிசைக்கு ஒரு கல்லைத் தூக்கினார்.

“நில்லும்வே” என்றார் வேதமாணிக்கம். “யாரு கல்லு மேல யாரு கல்ல வைக்கீரு?”

“சுவர்னா மேல மேலதான்யா வைக்கணும்.”

“எங்க தாத்தா தலையில பொன்மேரி பூட்டன் ஏறி உக்காரவா?”

“எங்க பூட்டன் அடுத்தவன் தலையில ஏறுத ஆளு இல்ல” என்றாள் பொன்மேரி. “அடுத்தவனத் தன் தலையில ஏத்துத ஆளும் இல்ல.”

கொத்தனார் நம்பரைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று கற்களைப் புரட்டினார். எல்லாம் ஒன்று. கரண்டியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

ஜெபஞானம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று ஞாயிறும் ஆராதனையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, அரிசி மூட்டை வந்து, பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது. “வாத்தியாரே, கோயில் இல்லன்னா எம் மக வாழ்க்கையே போச்சு” என்றார். அந்த மனுஷன் அழுததைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

வாத்தியார் மறுபடி யோசித்தார். “எந்தக் கல்லும் கல்லுக்கு அடியில இருக்கக்கூடாது. அதான?”

“ஆமா.”

“அப்ப எல்லாத்தையும் தரையிலயே வரிசையா வச்சிருவோம். எல்லாமே அஸ்திவாரக் கல்லு. அதவிட மரியாத ஏது?”

அப்படியே ஆரம்பித்தார்கள். கோயில் இருந்த இடத்தைச் சுற்றி வைத்ததில் கல் குறையவே இல்லை. ஒரு கல்லையும் விடக்கூடாது என்று இன்ஜினியர் சொல்லியிருக்கிறார். ஆகவே சுவரை வெளியே தள்ளினார்கள். தெருவைச் சுற்றினார்கள். குளத்தைச் சுற்றினார்கள். இன்னும் கல் மிச்சம் இருந்தது. பனங்காட்டைச் சுற்றி, அந்தப் பக்கம் கள்ளிவிளையையும் வளைத்துக்கொண்டு வந்து, பஸ் ரோட்டோரம் இரண்டு முனையையும் சேர்த்தார்கள். சேர்ந்த இடத்தில் துரையின் பழைய நிலையையும் கதவையும் நட்டார்கள். சுவர் முழங்கால் உயரம் இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத கல்பூதத்தின்மேல் மட்டும் இன்னொரு கல்லை வைத்துக்கொள்ள முடிந்தது. அந்த இடத்தில் சுவர் கம்பீரமாக இடுப்புவரை வந்தது.

கல்யாணத்தன்று தூத்துக்குடியிலிருந்து பாதிரியார் வந்தார். மாப்பிள்ளை எபநேசனும் சம்பந்தியும் வந்து இறங்கினார்கள். எல்லோரையும் கதவு வழியாக உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச தூரம் நடந்ததும் பாதிரியார் நின்றார்.

“கோயில் எங்க இருக்கு?”

வேதமாணிக்கம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “கோயிலுக்குள்ளதான் ஐயா நிக்கிய. செருப்பைக் கழத்திருங்க.”

“கூரை?”

“பனி பெஞ்சா மட்டும்தான் கூரை வேணும் ஐயா. இப்ப வெயில்தான அடிக்கு.”

வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலுள்ள கோயில் என்று கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தது கள்ளிவிளையின் தகரக் கூரைக் கோயில் ஒன்றுதான். பாதிரியார் அதை நோக்கி நடந்தார். ஜெபஞானத்துக்கு உயிரே போய்விட்டது. அங்கே நடந்தால் இரவல் கோயில் ஆகிவிடும், சம்பந்தி வண்டியைத் திருப்பிவிடுவார்.

“பயப்படாதீரும்” என்றார் வாத்தியார். “அது எங்க இருக்கு? நம்ம சுவருக்குள்ள. நம்ம கோயில்ல அது ஒரு மூல.”

கள்ளிவிளைக்காரர்கள் வாசலில் மறித்தார்கள். “இது எங்க கோயிலு” என்றார்கள்.

“ஒங்க கோயிலுதான். ஆனா அது எங்க கோயிலுக்குள்ள நிக்குதே” என்றார் வேதமாணிக்கம்.

அவர்கள் தனியே போய்க் கலந்து பேசினார்கள். அவர்களும் நற்புத்திபுரத்து ரத்தம்தானே. தங்கள் கோயிலுக்கு இவ்வளவு நீளமாக ஒரு சீமைச் சுவர் சும்மா கிடைத்திருக்கிறது என்று அவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வழிவிட்டார்கள். சம்பந்தி வாசலில் நின்று அந்தச் சுவரைத் தேடிக் கண்ணை ஓட்டினார். அது எங்கேயோ அடிவானத்தில் தெரிந்தது. “இவ்வளவு பெரிய கோயில நான் பாத்ததே இல்ல” என்றார். கல்யாணம் சிறப்பாக நடந்தது. சலோமி முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் ஜெபஞானத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாப்பாடு முடிந்து, சாயங்காலம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அனுப்ப வேண்டும். சம்பந்தி முன்னாலேயே போய் ரோட்டில் காரோடு நின்றார். மணமக்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கதவருகே வந்தபோது கதவு பூட்டியிருந்தது. ஆறு மணியானதும் ஜெபஞானம் வழக்கம்போல மணியடித்து, வெளியே வந்து, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிவிட்டார்.

“மாமா, தெறங்க. கார் நிக்கு” என்றான் மாப்பிள்ளை.

ஜெபஞானம் கலங்கிப்போனார். “பூட்டுன கோயிலக் காலையில மணியடிச்சுத்தான் மாப்ள தெறக்கணும். எங்க அப்பா காலத்துலேருந்து ஒரு நாளும் மாத்துனது இல்ல.”

“சரி மாமா. அப்ப இந்தக் கல்லத் தாண்டி வந்துருதோம்” என்று மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கினான்.

கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது. சலோமி அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள். “கோயில் சுவர ஏறிக் குதிக்கது களவாணிப் பயலுவ வேலல்லா? கல்யாணத்தன்னைக்கே செய்யணுமா?”

“கால எறக்குலே” என்றார் சம்பந்தி, வெளியே காரோரம் நின்றபடி. “காலையில வாரோம். நல்ல எடத்துலதான் பொண்ணு எடுத்துருக்கோம்.”

ஜெபஞானத்துக்கு இப்படி ஒரு சம்பந்தியா என்று மனசு நிறைந்துபோனது. கார் போன பிறகுதான் அவருக்குப் பசி தெரிந்தது. வீடு உள்ளே இருந்தது, அவர் வெளியே இருந்தார். அவர் மனைவி தங்கபாய் கல்யாணச் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, முழங்கால் உயரச் சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“எட்டாது போலுக்கே” என்றாள்.

வாத்தியார் ஓடிப்போய் ஏணியைக் கொண்டுவந்தார். நாலு பேர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, தங்கபாய் கடைசிப் படிவரை ஏறி, பொட்டலத்தைக் கயிற்றில் கட்டி அந்தப் பக்கம் மெல்ல மெல்ல இறக்கினாள். ஜெபஞானம் கீழே நின்று, அண்ணாந்து பார்த்து, “பாத்து எறங்கு புள்ள, ஒசரமால்லா இருக்கு” என்றார்.